வானிலை மென்பொருளை எங்கள் கணினிகளுக்கும் கொண்டுவாருங்கள்: லினக்ஸ் ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் லினக்ஸ் பயனர் குழுக்களுக்கும், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களுக்கும், டெபியன், உபுண்டு போன்ற வழங்கல்களுக்கு (லினக்ஸ் இயங்குதளத்தின் வெவ்வேறு தொகுப்புகளுக்கு) நிறுவத் தயாரான பொதிகள் தயாரித்துத் தரும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு கோரிக்கையோடு இந்த மடலை எழுதுகிறேன். வானிலை ஆய்வுக்கான மென்பொருள்களை டெபியன் குடும்பத்தைச் சேர்ந்த கணினிகளில் எவரும் நிறுவிக்கொள்ள வழி செய்யும் பணியை உங்களில் சிலராவது கையில் எடுக்க வேண்டும். தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகை, எழுத்துப்பிழை திருத்தி, தமிழில் பேசும் மேசைத்தளம் என்று நீங்கள் சம்பளம் வாங்காமல் செய்து கொடுத்தவற்றை வைத்துத்தான் எங்கள் வகுப்பறை நடக்கிறது. அந்த உழைப்புக்கு மனமார்ந்த நன்றி. அந்த உரிமையில்தான் இன்னொரு வேலையையும் கேட்கிறேன்.

நான் கடலோர மாவட்டம் ஒன்றில் இருக்கும் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். வளிமண்டல இயற்பியலும் என் பாடங்களில் ஒன்று. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் தென்னந்தோப்பைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். புயலைப் பற்றி இவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தேர்வு நோக்கில் எழுதப்பட்ட பதில்கள் போதுவதில்லை.

2023 டிசம்பரில் தென் மாவட்டங்களை மழை புரட்டிப்போட்டபோது, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. "சார், அவ்வளவு மழை ஒரே ஊரில் எப்படிக் கொட்டியது?" என்று ஒரு மாணவி கேட்டாள். குமரிக்கடல் பக்கம் இருந்த மேலடுக்குச் சுழற்சி, வங்கக் கடலிலிருந்து அது இழுத்த ஈரக்காற்று என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கலாம்; விளக்கினேன். ஆனால் அந்தக் கேள்விக்கு இயற்பியல் தரும் நேர்மையான பதில் வேறு. அந்த நாளின் வளிமண்டல நிலையை எடுத்து, சமன்பாடுகளைக் கணினியில் மறுபடி ஓட்டி, எந்த உயரத்தில் எந்தக் காற்று எப்போது வந்து குவிந்தது என்று அவளே பார்க்க வேண்டும். கடலின் வெப்பத்தை ஒரு டிகிரி குறைத்து மீண்டும் ஓட்டினால் மழை எவ்வளவு குறைகிறது என்று அவளே சோதிக்க வேண்டும்.

இதற்கு வேண்டிய எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையம் முன்னின்று வளர்த்த டபிள்யூஆர்எஃப் என்ற கணிப்பு மாதிரியின் மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கிறது. அதற்குத் தொடக்க நிலையாகக் கொடுக்க வேண்டிய ஜிஎஃப்எஸ் உலகளாவிய மாதிரியின் தரவை அமெரிக்க அரசே நாளுக்கு நான்கு முறை வெளியிடுகிறது. பழைய நாள்களின் தரவும் சேமிப்பில் இருக்கிறது. வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் மாதிரிகள் கணக்கிடுகின்றன; அந்த உலகளாவிய மாதிரியின் கட்டம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கி, 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த பாரத் கணிப்பு அமைப்பின் கட்டம் 6 கிலோமீட்டர். தனி இடிமேகத்தின் உள்ளே நடப்பதைப் பார்க்க 3 கிலோமீட்டருக்கு இறங்க வேண்டும். கட்டத்தின் அளவை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் கணக்கு 27 மடங்காகிறது: நீளத்தில் மூன்று, அகலத்தில் மூன்று, நேரத்தை நறுக்குவதில் மூன்று. ஆகவே உலகம் முழுவதையும் 3 கிலோமீட்டரில் ஓட்டுவது நமக்கு எட்டாத கனவு. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மட்டும் ஒரு நாளுக்கு ஓட்டுவது ஒரு நல்ல மேசைக் கணினியால் முடிகிற காரியம்.

பணம் தடையில்லை, தரவு தடையில்லை, கணினியின் வலுவும் பெரிய தடையில்லை. நிறுவுவதுதான் தடை. ஆர்வத்தோடு வந்த மாணவர்கள் அந்த இடத்திலேயே களைத்துப்போய்த் திரும்புவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

வானிலை மென்பொருள்கள் பெரும்பாலும் பெரிய ஆய்வு மையங்களில் பிறந்தவை. அங்கே ஓடும் லினக்ஸ் பெரும்பாலும் ரெட் ஹேட் என்ற நிறுவனத்தின் வழங்கலைச் சார்ந்த குடும்பத்தது. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் கணிப்பாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஏவிப்ஸ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதன் பொதுப் பதிப்பை யூனிடேட்டா என்ற அமைப்பு பல்கலைக்கழகங்களுக்காகப் பராமரித்து இலவசமாகத் தந்துவந்தது. அதில் இரண்டு பாகங்கள். செயற்கைக்கோள் படம், ரேடார், மாதிரிகளின் வெளியீடு எல்லாவற்றையும் வாங்கிப் பிரித்து அடுக்கி வைக்கும் ஈடெக்ஸ் என்ற வழங்கி (சர்வர்) ஒன்று. அதிலிருந்து எடுத்து வரைபடங்களாகத் திரையில் விரிக்கும் கேவ் என்ற செயலி மற்றொன்று. ஈடெக்ஸுக்குள்ளே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், எச்டிஎஃப்5 கோப்பகம், செய்திகளைப் பரிமாறும் இடைநிலை மென்பொருள் என்று ஒரு சிறிய ஊரே குடியிருக்கிறது. அந்த ஊர் முழுவதும் ரெட் ஹேட் குடும்பத்தின் முகவரிகளை நம்பிக் கட்டப்பட்டது. டெபியனும் உபுண்டுவும் ஈடெக்ஸுக்கு ஆதரிக்கப்படாத வழங்கல்கள் என்று அதன் நிறுவல் குறிப்பிலேயே வெளிப்படையாக எழுதியிருந்தார்கள்.

நம் பக்கத்திலோ நிலைமை வேறு. மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது. கேரளத்துப் பள்ளிகளில் ஓடும் லினக்ஸ் உபுண்டுவிலிருந்து வந்தது. நீங்கள் ஊர் ஊராகச் சென்று நடத்திய நிறுவல் விழாக்களிலும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் உபுண்டுவையோ மின்டையோதான் போட்டுக்கொடுத்தீர்கள். ஆக, இங்கே லினக்ஸ் கற்ற ஒரு மாணவரின் கையில் இருப்பது டெபியன் குடும்பம். அவருக்கு வேண்டிய வானிலை மென்பொருள் எதிர்பார்ப்பது ரெட் ஹேட் குடும்பம்.

அறிவுறுத்தியபடியே நடந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரெட் ஹேட்டுக்குப் பணம் கட்ட இயலாத கல்லூரிகள் நெடுங்காலம் அதன் இலவச நகலான சென்ட்ஓஎஸ்ஸைத்தான் நம்பியிருந்தன. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆயுள் உண்டு என்றிருந்தது. 2020 டிசம்பரில் திடீர் அறிவிப்பு வந்தது. 2021-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு அது முடிந்தது. சென்ட்ஓஎஸ் 7-உம் 2024 ஜூன் 30 அன்று ஓய்ந்தது. ராக்கி, அல்மா என்று மாற்றுகள் வந்தன, வந்ததால் பிழைத்தோம். ஆனால் இதிலிருந்து எனக்குத் தெளிவானது ஒன்று: ஆதரவுப் பட்டியலில் இருக்கும் வழங்கலைத் தேடிக்கொண்டே ஓடுவது ஒரு கல்லூரிக்குக் கட்டுப்படியாகாது. நம்மிடம் இருக்கும் வழங்கலில் வேலையை முடிக்கும் வழியை நாம்தான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

டெபியனிலோ உபுண்டுவிலோ டபிள்யூஆர்எஃப்பைத் தொகுக்க, அதாவது மூலநிரலை இயங்கும் கோப்பாக மாற்ற, முயலும் மாணவர் என்னவெல்லாம் சந்திக்கிறார் என்று உங்களுக்கு நெருக்கமாகக் காட்ட விரும்புகிறேன். உங்களில் பலருக்கு இவை பத்து நிமிட வேலை. அவருக்கு இவை சுவர்கள்.

மூலநிரலை இறக்கித் தொகுப்புக் கட்டளையைக் கொடுத்ததும், அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது முனையம். கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. உண்மையில் இல்லாதது அதை வாசித்து நடத்த வேண்டிய சி ஷெல். டபிள்யூஆர்எஃப்பின் தொகுப்புக் கோப்பு அந்தப் பழைய ஷெல்லில் எழுதப்பட்டது. நம் வழங்கல்கள் அதை முன்கூட்டியே நிறுவித் தருவதில்லை. பிழைச்செய்தி தவறான பக்கம் கைகாட்டுவதால், மாணவர் கோப்பின் அனுமதிகளை மாற்றிப் பார்க்கிறார், மறுபடி இறக்கிப் பார்க்கிறார், பெயரை மாற்றிப் பார்க்கிறார்.

அதைக் கடந்தால் நெட்சிடிஎஃப். வானிலைத் தரவின் பொது வடிவம் அது. மாதிரியின் வெளியீடு முழுக்க அதில்தான் எழுதப்படுகிறது. அதன் லைப்ரரிகளும் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்கள்) தலைப்புக் கோப்புகளும் (அவற்றின் விவரக் குறிப்புகள்) ஒரே அடைவின் கீழ் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்று டபிள்யூஆர்எஃப் எதிர்பார்க்கிறது. டெபியனோ, பல வகை நுண்செயலிகளுக்கான லைப்ரரிகள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க, அவற்றை நுண்செயலியின் பெயர் தாங்கிய தனி அடைவில் வைக்கிறது. தலைப்புக் கோப்புகள் வேறிடத்தில் இருக்கின்றன. போதாததற்கு, சி மொழிக்கான நெட்சிடிஎஃப் ஒரு பொதி, ஃபோர்ட்ரான் மொழிக்கானது இன்னொரு பொதி. எல்லாமே கணினியில் இருக்கின்றன. ஆனாலும் இல்லை என்று சாதிக்கிறது தொகுப்பு. புதிதாக ஓர் அடைவு உருவாக்கி, இரண்டு இடங்களிலிருந்தும் அதற்குள் இணைப்புகள் போட்டு, அதைச் சுட்டிக்காட்டினால் சரியாகிவிடும். இதைத் தமிழில் எழுதி வைத்தால் அரைப் பக்கம்கூட வராது.

அடுத்தது, இந்தத் தொகுப்பைச் செய்யும் கம்பைலர். ஜிசிசி என்ற கம்பைலரின் 2020-இல் வந்த 10-ஆம் பதிப்பு, ஒரே துணைநிரலை ஓரிடத்தில் ஒரு வகை எண்ணோடும் இன்னோரிடத்தில் வேறு வகை எண்ணோடும் அழைப்பதைப் பிழையாகவே நிறுத்தத் தொடங்கியது. பல பத்தாண்டுகளாகச் சேர்ந்து வளர்ந்த ஃபோர்ட்ரான் நிரல்களில் அப்படிப்பட்ட அழைப்புகள் ஏராளம். 2024-இல் வந்த ஜிசிசி 14, சி மொழிப் பகுதியிலும் அதே கண்டிப்பைக் கொண்டுவந்தது. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. நேற்று தொகுத்தது இன்று தொகுக்க மறுக்கிறது. லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியிலிருந்து, கணினிகளுக்கிடையே அழைப்புகளை அனுப்பும் பழைய ஆர்பிசி பகுதி நீக்கப்பட்டபோதும் இதே கதை. அதற்கு வேறொரு லைப்ரரியைத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. டபிள்யூஆர்எஃப்பின் புதிய பதிப்புகள் இவற்றில் பலவற்றைத் தாமே சமாளிக்கின்றன. ஆனால் மாணவர் படிக்கும் ஆய்வுக் கட்டுரை பழைய பதிப்பில் செய்யப்பட்டிருக்கும். அதையே அவர் மீண்டும் செய்து பார்க்க வேண்டியிருக்கும்.

தொகுப்பு ஓடும் நேரமும் சேர்ந்து சோதிக்கிறது. அரை மணி, ஒரு மணி என்று திரையில் வரிகள் ஓடுகின்றன. ஓடி முடிந்ததும், இயங்கும் கோப்பு உருவாகவில்லை. எங்கே தவறியது என்பது பல்லாயிரம் வரிப் பதிவேட்டில் எங்கோ நடுவில் ஒரு வரியாகக் கிடக்கிறது; கடைசியில் தெரியும் பிழை அதன் பின்விளைவு மட்டுமே. முதல் பிழையைத் தேடு, கடைசிப் பிழையைப் பார்க்காதே என்று ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித் தந்தால் போதும், மாணவர் தேறிவிடுவார். சொல்ல ஆள் இல்லாத விடுதி அறையில் அவர் என்ன செய்வார்?

எல்லாம் முடிந்து மாதிரியை ஓட்டும்போது, சில வினாடிகளில் நினைவகப் பிழை என்று சொல்லி விழுந்துவிடும். பெரும்பாலும் நிரலில் கோளாறு இருக்காது. ஓடும் ஒரு நிரலுக்கு லினக்ஸ் வழக்கமாக அனுமதிக்கும் ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகம் 8 எம்பி. டபிள்யூஆர்எஃப்புக்கு அது போதாது. வரம்பை நீக்க ஒரே ஒரு கட்டளை.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். முறையான வழி தெரியாதபோது குறுக்கு வழிகள் கைமாறுகின்றன. கிரிப் என்ற வடிவில் வரும் தொடக்கத் தரவைப் பிரிக்க ஜாஸ்பர் என்ற படச்சுருக்க லைப்ரரி தேவைப்படுகிறது. பாதுகாப்பு ஓட்டைகள் காரணமாக டெபியனும் உபுண்டுவும் அதைத் தங்கள் பொதிக் களஞ்சியங்களிலிருந்து விலக்கின. உடனே, உபுண்டு 16.04-இன் களஞ்சியத்தைப் புதிய உபுண்டுவில் சேர்த்து அங்கிருந்து ஜாஸ்பரை எடு என்ற அறிவுரை மாணவருக்கு மாணவர் பரவிவிட்டது. ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தே நீக்கப்பட்ட பொருளைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து வைக்கிறோம். அடுத்த மேம்படுத்தலில் வேறெது உடையும் என்று யாருக்கும் தெரியாது. டபிள்யூஆர்எஃப்பின் முன்தயாரிப்புக் கருவியான டபிள்யூபிஎஸ்ஸின் அண்மைப் பதிப்புகள், தமக்கு வேண்டிய ஜாஸ்பரைத் தமக்குள்ளேயே தனியாகத் தொகுத்துக்கொள்ளும் வசதியோடு வருகின்றன. தொகுப்பின் தொடக்கத்தில் ஒரு தெரிவைச் சேர்த்தால் போதும். இந்தச் செய்தி மாணவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. பழைய அறிவுரைதான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு குறுக்கு வழி இதைவிடக் கெடுதலானது. முன்பே தொகுக்கப்பட்ட பழைய வரைபடக் கருவி ஒன்று ஃபோர்ட்ரான் லைப்ரரியின் மூன்றாம் எண் பதிப்பைக் கேட்கும். ஜிசிசி 8 முதல் கணினியில் இருப்பது ஐந்தாம் எண். ஐந்துக்கு மூன்று என்று பெயர் சூட்டி ஓர் இணைப்பைப் போட்டு ஏமாற்றிவிடு என்பார்கள். அந்த எண் மாறியதே, உள்ளமைப்பு மாறிவிட்டது என்று எச்சரிப்பதற்காகத்தான். கருவி உடனே மறுத்து நின்றுவிட்டால் நம் அதிர்ஷ்டம். எங்காவது ஓடித் தவறான எண்ணைக் கொடுத்துவிட்டால், அது தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"இவ்வளவு சிரமம் எதற்கு? ராக்கியைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஆய்வகக் கணினிகளை இயற்பியலும் கணிதமும் தமிழ்த்துறையும் பகிர்ந்துகொள்கின்றன. இயங்குதளத்தை ஒரு துறை தன்னிச்சையாக மாற்ற முடியாது. மாணவருடைய மடிக்கணினி வீட்டிலுள்ள ஒரே கணினி. தங்கையின் பாடமும் அப்பாவின் விண்ணப்பப் படிவமும் அதில்தான். அதை அழித்துவிட்டு வானிலைக்காக இன்னோர் இயங்குதளத்தை ஏற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லவும் கூடாது.

இதற்குச் சரியான வழி கன்டெய்னர் என்பது என் உறுதியான கருத்து. கணினியின் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, டெபியனுடையதாகவே இருக்கும். அதன் மேல், கன்டெய்னருக்குள், ராக்கியின் கோப்புகளும் லைப்ரரிகளும் முழுமையாக இருக்கும். மென்பொருள் தான் எதிர்பார்த்த வழங்கலில் இருப்பதாகவே எண்ணி ஓடும். மெய்நிகர் கணினியைப் போல நினைவகத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை. வேகமும் ஏறக்குறைய குறைவதில்லை. பாட்மேன் என்ற கன்டெய்னர் கருவியை அடித்தளமாக வைத்து டிஸ்ட்ரோபாக்ஸ் என்ற கருவியைப் பயன்படுத்தினால், கேவ் போன்ற வரைகலைச் செயலியின் சாளரம் நம் மேசைத்தளத்திலேயே திறக்கும். கேவுக்கு ஓபன்ஜிஎல் என்ற வரைகலை வசதி வேண்டும். என்விடியா அட்டை உள்ள கணினிகளில் கன்டெய்னருக்குள் இருக்கும் இயக்கியின் பதிப்பும் வெளியே இருப்பதும் அச்சொட்டாக ஒன்றாக இருக்க வேண்டும். இந்த ஒரு நுணுக்கத்தைச் சொல்லித் தராததால் கறுப்புத் திரையோடு கைவிட்டவர்கள் உண்டு.

மாதிரிகளை ஓட்டுவதற்கு அப்டெய்னர் என்ற கன்டெய்னர் கருவி இன்னும் பொருத்தம். முன்பு சிங்குலாரிட்டி என்ற பெயரில் இருந்தது. மீத்திறன் கணினி மையங்களுக்காகவே வளர்ந்தது. நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாமலே ஓட்டலாம் என்பதால் ஆய்வக நிர்வாகிகளும் மறுக்க மாட்டார்கள். முழுத் தொகுப்பும் ஒரே கோப்பாக அமைவதுதான் எங்களுக்குப் பெரிய வரம். பென் டிரைவில் போட்டு ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு எடுத்துச் செல்லலாம். டபிள்யூபிஎஸ்ஸுக்கு வேண்டிய நிலப்பரப்புத் தரவை விரித்தால் ஏறக்குறைய 29 ஜிபி வரும். மழை பெய்தால் இணையம் அறுந்துபோகும் ஊர்களில் அதை ஒவ்வொரு மாணவரும் இறக்குவது நடக்கிற காரியமா? தமிழ்நாடும் சுற்றியுள்ள கடலும் அடங்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் கோப்போடு சேர்த்துக் கொடுத்தால் பெரும் உதவி.

எனவே நான் கேட்பது இதுதான். டபிள்யூஆர்எஃப்பும் டபிள்யூபிஎஸ்ஸும் அடங்கிய ஓர் அப்டெய்னர் கோப்பையும், அதை உருவாக்கும் செய்முறைக் கோப்பையும் நீங்கள் பராமரிக்க வேண்டும். எந்தப் பதிப்பு, எந்தக் கம்பைலர், எந்த லைப்ரரி என்று ஒவ்வொன்றும் அதில் எழுதப்பட்டு நிலைநிறுத்தப்பட்டிருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து ஓட்டினாலும் அதே பொருள் உருவாக வேண்டும். கேவுக்கும் அதேபோல ஒன்று. இவற்றுக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. வானிலைத் தரவைக் கையாளவும் வரையவும் உதவும் சிடிஓ, என்சிஓ, என்சிவியூ, கிராட்ஸ், மெட்வியூ ஆகிய கருவிகள் ஏற்கெனவே டெபியனின் களஞ்சியத்தில் இருக்கின்றன. யாரோ சில தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் தோள்கொடுத்ததால்தான் ஒரே கட்டளையில் அவை வந்து இறங்குகின்றன. பைத்தான் வழியில் வேலை செய்பவர்களுக்குக் கோண்டா-ஃபோர்ஜ் என்ற பொதிக் களஞ்சியம் பெரும் சுமையை இறக்கி வைத்துவிட்டது. எஞ்சியிருப்பது, தொகுப்பதற்குக் கடினமான இந்தப் பெரிய மாதிரிகள்தான்.

தொகுத்து முடித்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள் என்றும் வேண்டிக்கொள்கிறேன். வேறு மென்பொருளில், திறந்தால் வேலை செய்கிறது என்று பொருள். வானிலை மாதிரியில் அப்படிச் சொல்ல முடியாது. 1961-இல் அமெரிக்க வானிலையியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் தம் கணினியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கிக் கொடுத்து மறுபடி ஓட்டினார். சிறிது நேரத்தில் அந்த வானிலை முற்றிலும் வேறாகப் போனது. கம்பைலர் மாறினாலும், அதன் மேம்படுத்தல் தெரிவுகள் மாறினாலும், கடைசித் தசம இடங்கள் மாறும். அந்த வேறுபாடும் அவ்வாறே வளரும். ஆகவே ராக்கியில் வந்த வெளியீடும் டெபியனில் வந்த வெளியீடும் எண்ணுக்கு எண் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. ஒத்துப்போகவில்லை என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ளவும் கூடாது. முதல் சில கால அடிகளில் வேறுபாடு மிகச் சிறியதாக இருக்கிறதா, பல முறை தொடக்க நிலையைச் சற்றே கலைத்து ஓட்டினால் கிடைக்கும் விரிவுக்குள் இது அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. இயற்பியல் எங்கள் பொறுப்பு.

சோதனைக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலை நமது நிலையான சோதனையாக வைத்துக்கொள்வோம். அந்த நாளுக்கான தொடக்கத் தரவு, அமைப்புக் கோப்பு, ஆதரவுள்ள வழங்கலில் ஓட்டிக் கிடைத்த வெளியீடு மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கோப்போடு சேர்த்துத் தருவோம். எந்தக் கணினியில் நிறுவினாலும் முதலில் வர்தாவை ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேறு எதையும் ஓட்ட வேண்டும் என்று வழக்கமாக்குவோம்.

ஒப்பிடாமல் ஓட்டியதை எவராவது புயல் நேரத்தில் படமாக்கிப் பரப்பினால் என்ன ஆகும் என்று கடலோரத்தில் வாழும் எங்களுக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு வண்ணப் படத்தை நம்பி வலையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு, வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே அடைந்துகிடப்பவர்களும் உண்டு. ஆகவே, இது கற்பதற்கும் ஆராய்வதற்கும் உரியது, எச்சரிக்கை என்பது இந்திய வானிலை ஆய்வுத் துறை தருவது மட்டுமே என்ற வாசகம், மாதிரி வரையும் ஒவ்வொரு படத்திலும் தானாகவே பதியும்படி அந்தத் தொகுப்பில் செய்துவிட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆவணங்கள் தமிழில் வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். பிழைச்செய்திகள் ஆங்கிலத்தில் வரும். அவற்றை அப்படியே தலைப்பாக வைத்து, கீழே காரணத்தையும் தீர்வையும் நல்ல தமிழில் எழுதுங்கள். ஏன் என்பதையும் எழுதுங்கள். நெட்சிடிஎஃப் அடைவை ஏன் அப்படி இணைக்கிறோம் என்று புரிந்த மாணவர், அடுத்த ஆண்டு வேறு மென்பொருளில் அதே சிக்கல் வந்தால் தானே அவிழ்த்துக்கொள்வார். கட்டளைகளை மட்டும் அடுக்கி வைத்தால், அடுத்த பதிப்பு வரும்வரைதான் அது பயன்படும்.

மென்பொருளை உருவாக்கியவர்கள் மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை. ஒரு வழங்கலில் சோதித்து, அதற்குப் பொறுப்பேற்று, வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதே ஒரு சிறு குழுவுக்குப் பெரிய வேலை. 2025 மே மாதத்தில் நிதி வந்துசேராததால் யூனிடேட்டா தன் பணிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவைக்க நேர்ந்தது. உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் நம்பியிருந்த அமைப்பின் நிலை அது. அவர்களிடம் இன்னும் நான்கு வழங்கல்களுக்கு ஆதரவு கொடுங்கள் என்று கேட்பதைவிட, டெபியனில் வரும் சிக்கலுக்கான திருத்தத்தை நாமே எழுதி, சோதித்து, அவர்களிடம் சேர்ப்பதுதான் முறை. டபிள்யூஆர்எஃப்பின் மூலநிரலும் ஏவிப்ஸின் மூலநிரலும், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே இருக்கின்றன. நம் கணினிகளில் மட்டும் திருத்திக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால், ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அதே சுவரில் மறுபடி முட்டிக்கொள்வோம்.

எங்கள் பக்கத்திலிருந்து தர முடிந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் ஆய்வகத்தைச் சோதனைக்குத் திறந்து வைக்கத் துறையில் ஒப்புதல் வாங்கிவிட்டேன். பாஸ், டெபியன், உபுண்டு, மின்ட் நான்கும் ஓடும் கணினிகள் அங்கே இருக்கின்றன. 4 ஜிபி நினைவகம் மட்டுமே கொண்ட பழைய மடிக்கணினிகளும் இருக்கின்றன, ஏனெனில் மாணவர்களிடம் இருப்பவை அவைதான். வர்தா பொட்டலத்துக்கான தரவைத் திரட்டும் வேலையையும் வெளியீடுகளை ஒப்பிடும் வேலையையும் முதுகலை மாணவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தமிழ் ஆவணங்களை முதலில் படித்துப் பார்த்து, எங்கே புரியவில்லை என்று குறித்துத் தர இளங்கலை மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகஸ்டுக்குள் செய்முறைக் கோப்பின் முதல் வரைவாவது கிடைத்தால், இந்தப் பருவத்திலேயே வகுப்பில் ஓட்டிப் பார்த்துவிடலாம். வரைவு முழுமையாக இருக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். தொகுப்பு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, அனுப்புங்கள். அதை நான்கு வழங்கல்களிலும் ஓட்டி, பதிவேட்டில் முதல் பிழை எந்த வரியில் வருகிறது என்று குறித்து, அடுத்த சனிக்கிழமைக்குள் உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறோம்.

அன்புடன்,
கடலோர மாவட்டக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆசிரியர்